அழுகை வராதவர்களுக்கு ஒரு வழி

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ், பாலாற்றைத் தாண்டித்தான் கர்நாடகத்துக்குள் நுழைகிறது. இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் அந்த எல்லை 1993-இல் மைசூர் மாவட்டம். அந்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று, சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனின் கும்பல் அங்கே புதைத்திருந்த கண்ணிவெடிகளுக்கு 22 பேர் பலியானார்கள். அதற்குப் பின் வந்த தேடுதல் வேட்டையில், அதிரடிப்படை சித்திரவதை செய்ததாக மலைக் கிராமத்தார் முறையிட்டார்கள். நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கச் சொன்னது.

பணம் கணக்கில் வந்துவிட்டது. இப்படிப்பட்ட பேரிழப்புகளுக்குப் பிறகு சிலருக்கு மனசே மரத்துப்போகிறதே, அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

துக்க வீட்டில் கதறுபவரைத் தாங்கிப் பிடிக்க நாலு பேர் ஓடி வருவார்கள். கண்ணில் ஒரு சொட்டு வராமல் உட்கார்ந்திருப்பவரை ‘தைரியசாலி’ என்றோ ‘கல்நெஞ்சு’ என்றோ சொல்லி விட்டுவிடுவார்கள். இரண்டும் தவறு. பேரன் பிறந்தாலும் மகிழ்ச்சி இல்லை, ஆட்டுக்குட்டி செத்தாலும் வருத்தம் இல்லை என்ற நிலை ஒரு நோய்க்குறி. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயை முதன்முதலாகச் சேர்த்தபோதே, இந்த மரத்துப்போதலையும் அதன் அடையாளங்களில் ஒன்றாகக் குறித்தது. மனச்சோர்விலும் இது வரும். சில மாத்திரைகளின் பக்கவிளைவாகவும் வரலாம் என்பதால், முதலில் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

ஆரோன் பெக் 1960-களில் பிலடெல்பியாவில் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்த மரத்துப்போதலைக் கையாளும் விதம் கவனிக்கத்தக்கது. ‘மனசு சரியானால் வேலைக்குப் போகிறேன்’ என்பார் நோயாளி. சிகிச்சை அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது: முதலில் செயல், உணர்வு பிறகு. காலையில் வாசலுக்கு வந்து உட்காருவது, தங்கச்சி வீட்டுக்குப் போய் வருவது என்று சின்னச் சின்ன வேலைகளாக நாளுக்கு ஓர் அட்டவணை போடப்படும். ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் மனசுக்கு எப்படி இருந்தது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுத வேண்டும். முதல் வாரம் முழுக்கப் பூஜ்யமாகவே இருக்கலாம். எங்கோ ஒரு நாள் ‘இரண்டு’ விழுந்தால், அது எந்த வேலைக்கு விழுந்தது என்று பார்த்து, அதைக் கூட்டுவார்கள்.

எண்ணங்களையும் தொட்டாக வேண்டும். ‘அவர் போன பிறகு நான் சிரித்தால் துரோகம்’ என்ற நினைப்பு உள்ளே இருந்தால், எந்த அட்டவணையும் பலிக்காது. அது உண்மைதானா, போனவரே இருந்திருந்தால் என்ன சொல்வார் என்று சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்து பொறுமையாகக் கேட்பார். அழச்சொல்லி வற்புறுத்த மாட்டார். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: மரத்த மனசு விழிக்கும்போது பல சமயம் வலிதான் முதலில் வரும். அந்த நேரத்தில் பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வீட்டார் கூடவே இருக்க வேண்டிய கட்டம் அதுதான்.

இதற்கெல்லாம் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனைக்கே போக வேண்டுமா? கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் தொண்டு அமைப்பும் வேறு பதில் காட்டினார்கள். மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, செயலை முன்னிறுத்தும் இதே முறையை ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கொடுக்கச் செய்தார்கள். கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு, 2017-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வழக்கமான கவனிப்போடு இந்த அமர்வுகளும் கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தேறினார்கள். அமர்வுகள் கிடைக்காதவர்களில் 39 சதவீதம் பேர்.

பாலாற்றின் இரு கரையிலும் தமிழும் கன்னடமும் புழங்குகின்றன. 14416 என்ற டெலிமானஸ் இலவச மனநல உதவி எண் இரண்டு மொழியிலும் பேசுகிறது, இன்றே அழைக்கலாம். ஆனால் வாரம் ஒருமுறை வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, அந்த அட்டவணையைப் பார்த்து, ‘இந்த இரண்டு எதுக்கும்மா போட்டீங்க?’ என்று கேட்க ஊருக்குள்ளேயே ஆள் வேண்டும். கோவாவில் முடிந்ததை இரண்டு மாநில அரசுகளும் இந்த மலையடிவாரத்திலிருந்து தொடங்கலாம்.