லட்விக்கா, பிரீமியரா? பதில் அம்பத்தூர் பட்டறையில் இருக்கிறது

ட்ரம்ஸ் வாசிப்பவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், டீ ஆறுவதற்குள் பேச்சு பழைய கம்பெனிகளின் பெயருக்கு வந்துவிடும். லட்விக் போல வராது என்பார் ஒருவர். கிரெட்ச் சத்தம் தெரியுமா என்று மடக்குவார் இன்னொருவர். ஸ்லிங்கர்லேண்டுக்கும் ரோஜர்ஸுக்கும்கூட வாதாட ஆள் இருக்கும். பிரீமியர் என்றதும் வயதில் மூத்தவர் நிமிர்ந்து உட்காருவார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து சர்ச்சுகளிலும் மெல்லிசைக் குழுக்களிலும் வாசிப்பவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. ஆனால், ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தப் பழைய ட்ரம்ஸ் நம்மூரில் பழுதானால் யார் சரிசெய்வது?

முதலில் லட்விக். 1909இல் சிகாகோவில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி. 1963இல் லண்டனின் டிரம் சிட்டி கடையில் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் அதன் செட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கருப்பும் சாம்பலும் சுழிசுழியாக ஓடும் சிப்பி நிற உறை போர்த்திய செட் அது. பேஸ் ட்ரம்மின் முகத்தில் எட்டி ஸ்டோக்ஸ் என்ற ஓவியர் தூரிகையால் எழுதிய குழுவின் பெயரோடு லட்விக் பெயரும் இருந்தது. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் சுமார் 7 கோடியே 30 லட்சம் அமெரிக்கர்கள் அந்தப் பெயரைத் திரையில் பார்த்தார்கள். அதன் பிறகு வந்த ஆர்டர்களுக்கு ஈடுகொடுக்க சிகாகோ தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது.

அதே 1964 பிப்ரவரியில்தான் இங்கே ‘காதலிக்க நேரமில்லை’ படம் வெளியானது. விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில் மேற்கத்தியத் தாளம் தமிழ் வீடுகளுக்குள் உரிமையோடு நுழைந்த காலம் அது. கோடம்பாக்கத்தில் அன்று ட்ரம்ஸ் என்றால் நோயல் கிராண்ட். தன்னை ஈர்த்தவர்களில் ஒருவராக அவரைச் சொல்பவர், 2019இல் பத்மஸ்ரீ பெற்ற ட்ரம்ஸ் கலைஞர் சிவமணி. பழைய ட்ரம்ஸின் பெருமையைப் பேச நாம் சிகாகோவரை போகவேண்டியதில்லை.

கிரெட்ச் 1883இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தது. தோலைக் கழற்றிப் பார்த்தால் ஷெல்லின் உட்புறம் வெள்ளிநிறப் பூச்சு மின்னும். அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். மேக்ஸ் ரோச், எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ் என்று ஜாஸ் மேதைகள் பலர் வாசித்தது அதில்தான். ஸ்லிங்கர்லேண்டின் புகழுக்கு அதை வாசித்த ஜீன் குரூபாவும், ஒரே மேப்பிள் பலகையை ஆவியில் வளைத்துச் செய்த ரேடியோ கிங் சினேரும் காரணம். ரோஜர்ஸின் பலம் அதன் இரும்புச் சாமான்களில் இருந்தது. டாமை எந்தக் கோணத்திலும் சாய்த்து நிறுத்தும் அதன் பந்து மூட்டு இணைப்பை மற்ற கம்பெனிகள் பொறாமையோடு பார்த்தன.

பிரீமியர் நம்மை ஆண்டவர்களின் ஊர்க்காரர். 1922இல் லண்டனில் தொடங்கி, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சை அடுத்து லெஸ்டருக்குக் குடிபெயர்ந்தது. ‘தி ஹூ’ குழுவின் கீத் மூன் மேடையில் உதைத்துத் தள்ளியது இந்த ட்ரம்ஸைத்தான். அதன் குரோம் முலாம் அவ்வளவு கெட்டி. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ரிம்மில் முகம் தெரியும். ஐப்பசி ஈரமும் கடற்காற்றும் இரும்பைத் தின்னும் சென்னைக்கு இதைவிடப் பொருத்தமான குணம் எது? ஆனால், அதில் ஒரு சிக்கலும் உண்டு. 1960களின் பிற்பகுதிவரை பிரீமியர் தன் டாம்களைப் பொது அளவைவிடச் சற்றுப் பெரிதாகச் செய்தது. இன்று கடையில் வாங்கும் 12 அங்குலத் தோல் அந்தப் பழைய 12 அங்குல டாமில் சரியாக உட்காராது. லட்விக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. கம்பெனி இன்றும் இயங்குகிறது. தோலும் உதிரியும் கிடைக்கின்றன.

ஆகவே தீர்ப்பு சொல்லவேண்டுமென்றால், தினமும் வாசிப்பவருக்கு லட்விக். நம்மூர்க் காற்றைத் தாங்க பிரீமியர். ஆனால், இந்தத் தீர்ப்போடு விஷயம் முடிந்துவிடவில்லை. பழுதானால் யார் சரிசெய்வது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

1991க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் வரியும் கடுமையாக இருந்தன. வெளிநாட்டு ட்ரம்ஸ் வைத்திருந்தவர் அதைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டார். அப்படிக் காப்பாற்றப்பட்டவை இன்று ஒரே ஒரு போல்ட் தொலைந்ததற்காகப் பரணுக்குப் போகின்றன, அங்கிருந்து காயலான் கடைக்குப் போகின்றன. அந்தப் போல்ட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தோலை இழுத்துப் பிடிக்கும் அமெரிக்க ட்ரம் போல்ட்டின் தடிமன் சுமார் 5.5 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. நம் ஹார்ட்வேர் கடையில் கிடைப்பவை 5 மில்லிமீட்டரும் 6 மில்லிமீட்டரும்தான். ஐந்து லொடலொடவென்று ஆடும். ஆறு நுழையாது. பலவந்தமாகத் திருகினால், போல்ட்டைப் பிடிக்கும் லக்கின் உள்மரை வழுக்கிப் போகும். அறுபது வயது ட்ரம் அதோடு ஊமையாகிவிடும்.

இந்த ஒரு போல்ட்டைச் செய்யத் தெரியாத ஊரா நம் ஊர்? 1964இல், அதாவது ரிங்கோ அமெரிக்காவை உலுக்கிய அதே ஆண்டில் உருவானது அம்பத்தூர் தொழிற்பேட்டை. அதற்கு முன்பே டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் சைக்கிள் செய்துகொண்டிருந்தது. ஆவடியில் 1955இல் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா எஃகுக் குழாய் தயாரிப்பைத் தொடங்கியது. ஹை-ஹேட் ஸ்டாண்டும் சிம்பல் ஸ்டாண்டும் குரோம் பூசிய எஃகுக் குழாய் அல்லாமல் வேறென்ன? லேத்தில் மரை வெட்டுவதும், முலாம் பூசுவதும், ஒடிந்த பெடலைப் பற்றவைப்பதும் இந்த வட்டாரத்தின் அன்றாட வேலைகள். ட்ரம் ஷெல்லின் விளிம்பு மட்டமாக இல்லையென்றால் எவ்வளவு முறுக்கினாலும் சுருதி நிற்காது. அந்த மட்டத்தைப் பார்க்க, உலகமெங்கும் ட்ரம் பழுதுபார்ப்பவர்கள் கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்டைத் தேடி வாங்குகிறார்கள். தொழிற்பேட்டையின் டூல் ரூம்களில் அது வழக்கமான சாமான்.

கருவி இருக்கிறது, கை இருக்கிறது. வாசிப்பவரும் லேத் ஓட்டும் டர்னரும் ஒருவரையொருவர் சந்திக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு போல்ட்டுக்காக லேத்தை நிறுத்தி மாற்றியமைக்கப் பட்டறைக்காரர் தயங்குவது நியாயம். பத்து குழுக்கள் சேர்ந்து நூறு போல்ட் கேட்டால் அது முறையான ஆர்டர் ஆகிவிடும்.

சர்ச்சுகளும் பள்ளிகளும் மெல்லிசைக் குழுக்களும் தங்கள் ஸ்டோர் ரூமை இந்த மாதமே ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். பழைய ட்ரம் கிடைத்தால் உறையை உரிக்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள், கம்பெனித் தகட்டைக் கழற்றாதீர்கள். பழைய லட்விக்கில் ஷெல்லுக்குள் தேதி முத்திரை இருக்கக்கூடும், அதைத் துடைத்துவிடாதீர்கள். மீதமிருக்கும் நல்ல போல்ட் ஒன்றைக் கழற்றி, மாதிரிக்கு எடுத்துக்கொண்டு, பக்கத்து லேத் பட்டறைக்குப் போய்க் கேளுங்கள்.