லாரிக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: "எங்கள் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது. சென்னைக்குப் போகும் லாரிக்குக் கொடுத்தால் நெல்லைவிட நல்ல வரும்படி என்கிறார்கள். பக்கத்துக் கழனிக்காரரோ சண்டைக்கு வருகிறார். கொடுக்கலாமா?"
- வாசகர், திருவள்ளூர் மாவட்டம்.

பதில்: லாரி ஏன் கிராமத்துக்கு வருகிறது? 2001-க்கும் 2011-க்கும் இடையே பழைய சென்னை மாநகரின் மக்கள்தொகை 43 லட்சத்திலிருந்து 46 லட்சமாகத்தான் கூடியது. அதே பத்தாண்டில் காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 29 லட்சத்திலிருந்து 40 லட்சமானது. திருவள்ளூர் மாவட்டம் 27½ லட்சத்திலிருந்து 37 லட்சத்தைத் தாண்டியது. கூட்டம் ஏறியது பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே, ஏரிப் பாசனத்தில் விளைந்த நிலங்களைச் சுற்றித்தான். வீடுகள் முதலில் வந்தன, குடிநீர்க் குழாய் பல இடங்களில் பின்தங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு போர் போட்டார்கள். அது வற்றியதும் லாரி. 2019 கோடையில் ஏரிகள் காய்ந்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலேயே தண்ணீர் போனது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். லாரிக்காகக் குடத்தோடு நிற்பவர்களில் பலர் கிராமத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள்தான். அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். 12,000 லிட்டர் லாரி நாளுக்கு 10 நடை போனால் 1.2 லட்சம் லிட்டர். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் போதும். ஒரு போக நெல்லுக்கு ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் என்று வைத்தால், அந்த லாரி 40 நாளில் ஒரு போகத்துத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போய்விடும். இன்னொன்று, கழனிக்குப் பாய்ச்சும் தண்ணீரில் ஒரு பங்கு கசிந்து மறுபடி நிலத்தடிக்கே இறங்கும். லாரியில் போனது திரும்பாது. பக்கத்துக் கழனிக்காரரின் கோபம் நியாயமானதுதான், கிணறு ஒருவருடையது என்றாலும் அடியில் இருக்கும் ஊற்று எல்லோருக்கும் பொது.

இதே மாவட்டத்து மீஞ்சூரில் நடந்தது பலருக்குத் தெரியும். தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் அங்கே ஆண்டுக்கணக்கில் நிலத்தடி நீரை இறைத்தார்கள். 1969 வாக்கில் கரையிலிருந்து 3 கி.மீ. அளவில் இருந்த உப்பு, 1980-களில் சுமார் 9 கி.மீ. உள்ளே வந்துவிட்டது. அந்தக் கிணறுகளில் பயிருக்கு ஆகும் தண்ணீர் போயிற்று. 2010-ல் அதே மீஞ்சூர்ப் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். நகரத்துக்கு மாற்று வழி கிடைத்தது. உப்பேறிய கிணற்றுக்காரருக்கு என்ன கிடைத்தது?

சட்டமும் இருக்கிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம், 1987-ன் அட்டவணையில் உள்ள கிராமங்களில் லாரியில் நிலத்தடி நீர் ஏற்ற உரிமம் வேண்டும். ஊர் அதில் வருகிறதா என்பதைத் தாலுகா அலுவலகத்தில் விசாரிக்கலாம். விவசாயத்துக்கென்று தந்த இலவச மின்சாரத்தில் இறைத்து விற்பது விதிமீறல், அபராதம் வரும்.

அதனால், கொடுக்காமல் இருப்பதே நல்லது. தண்ணீர் நிஜமாகவே மிச்சம் என்றால், சொட்டுநீர் போட்டுக் கீரை, வெண்டை, கத்தரி வைத்தால் அதே நகரம் வாங்கிக்கொள்ளும். மிச்சமா என்று அறிய, காலையில் மோட்டார் போடுமுன் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, பங்குனியிலிருந்து ஆடி வரை வாரம் ஒரு முறை நோட்டில் எழுதி வரலாம். பக்கத்துக் கழனிக்காரரையும் அளக்கச் சொன்னால் இரண்டு நோட்டையும் சேர்த்து வைத்துப் பேசிக்கொள்ளலாம்.