சர்வர் இல்லாத செயலிகள்: தடை எதற்கு?

2019-இல் ஹாங்காங் வீதிகளில் போராட்டம் வலுத்தபோது, இளைஞர்களின் கைப்பேசிகளில் ‘பிரிட்ஜ்ஃபை’ செயலி மளமளவென்று பரவியது. இணையமோ நடுவில் ஒரு சர்வரோ இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். செய்தி புளூடூத் வழியே ஒரு கைப்பேசியிலிருந்து பக்கத்துக் கைப்பேசிக்கும், அங்கிருந்து அடுத்ததற்கும் தாவிச் செல்லும். கூட்டம் கூடக் கூட வலையும் விரியும்.

மறு ஆண்டே, லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் அதன் ஓட்டைகளை வெளியிட்டார்கள். யார் யாருடன் பேசுகிறார் என்று அறியலாம்; தனிச் செய்திகளைப் படிக்கலாம்; ஒரே ஒரு விஷமச் செய்தியால் வலை முழுவதையும் முடக்கலாம். அதன் பிறகே அந்நிறுவனம் ‘சிக்னல்’ செயலியின் குறியாக்க முறைக்கு மாறியது.

சர்வர் இல்லையென்றால் ரகசியம் தானாகக் காக்கப்படும் என்று நம்பிவிடக் கூடாது.

இதே வகையைச் சேர்ந்த ‘பிரையர்’ செயலி ரகசியம் காப்பதில் கவனமாகக் கட்டப்பட்டது. அதன் மூல நிரலை யாரும் படித்துப் பார்க்கலாம். 2017-இலேயே ‘க்யூர்53’ என்ற ஜெர்மன் நிறுவனம் அதைச் சோதித்தது. இணையம் இருந்தால், பயனரின் அடையாளத்தை மறைக்கும் ‘டோர்’ வலை வழியாகவும், இல்லாவிட்டால் புளூடூத், வைஃபை வழியாகவும் பேசுகிறது. செய்திகள் பயனரின் கைப்பேசியிலேயே பூட்டி வைக்கப்படுகின்றன. குறைகளும் உண்டு: பேட்டரியைத் தின்னும், ஐபோனில் கிடையாது, கைப்பேசி திறந்த நிலையில் பிறர் கையில் சிக்கினால் எந்தக் குறியாக்கமும் உதவாது.

இந்த பிரையரையும் சேர்த்து 14 செயலிகளை 2023-இல் இந்திய அரசு தடை செய்தது. காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் கவலையைப் புறந்தள்ள முடியாது. ஆனால் நிரல் பொதுவெளியில் கிடக்கும் செயலியைக் கடையிலிருந்து நீக்கினாலும், தேடுகிறவர் வேறு வழியில் நிறுவிக்கொள்வார். இழப்பு, சட்டத்துக்குக் கட்டுப்படும் சாதாரண மக்களுக்குத்தான்.

அந்த இழப்புக்கு ஓர் உதாரணம்: 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்பேசிச் சேவை செயலிழந்தது. அத்தகைய நேரத்தில், அடுத்தடுத்த வீடுகளுக்குள்ளாவது தகவல் போய்ச் சேர இந்தத் தொழில்நுட்பம் உதவக்கூடும். ஆனால் புளூடூத் எட்டும் தூரம் குறைவு. தண்ணீர் ஏறிய பிறகு செயலியைத் தரவிறக்கவும் முடியாது. எனவே முன்னேற்பாடு வேண்டும்.

தடைக்கான காரணங்களைச் செயலிவாரியாக அரசு வெளியிட வேண்டும். சுயேச்சையான பாதுகாப்புச் சோதனையில் தேறும் செயலி ஒன்றை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மீட்புக் குழுக்களின் கைப்பேசிகளில் ஏற்றி, பேரிடர் மேலாண்மைத் துறை ஒத்திகை பார்க்கட்டும்.