மருந்தென்னும் நஞ்சு

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தெளிக்கும் நஞ்சை நம் கமக்காரர் ‘மருந்து’ என்றே அழைக்கின்றனர். பெயரின் இனிமை ஆபத்தை மறைத்துவிடுகிறது.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. 1995இல் மொனோகுரோட்டபொசும் 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. நன்று. ஆயின், எஞ்சிய நஞ்சுகளைத் தோளிற் சுமந்து தெளிப்பவன் பெரும்பாலும் நாட்கூலியாளனே. அவற்றுட் பல மூச்சால் மட்டுமன்றித் தோலாலும் உடலிற் புகும் என்பதை அவனுக்கு எடுத்துச் சொன்னவர் யார்? நனைந்த சட்டையோடு வரம்பிலிருந்து சோறுண்கிறான்! போத்தலில் ஒட்டிய துண்டை வாசித்தறியட்டும் என்பது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதேயாகும்.

ஒவ்வொரு போகமும் தொடங்குமுன், கமநல சேவை நிலையங்களில், தமிழிலே, தெளிகருவியைக் கையிற் கொடுத்துப் பயிற்றவேண்டுமென நாம் கேட்கின்றோம். அன்றைய கூலியையும் அரசே கொடுத்தல் வேண்டும். கொடாவிடின் வகுப்புக்குக் காணிக்காரர் வருவர், தெளிப்பவன் வாரான்.