முதல் கிட்டார் வாங்கப் போறீங்களா? இதைக் கவனிங்க!

ஆசையாக வாங்கிய கிட்டார் சில மாதங்களிலேயே பீரோ மேல் ஏறிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. 'எனக்கு மியூசிக் வராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் குற்றவாளி அந்த கிட்டார்தான்!

எதை வாங்கலாம்?

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் விரலுக்கு இதம். ஆனால், அதன் கழுத்து அகலம். சினிமா பாட்டுக்கு கார்டு பிடிக்க, ஸ்டீல் கம்பி அக்கவுஸ்டிக் வசதி. சிறுவர்களுக்கு முக்கால் அளவு கிட்டார் போதும். 'வளர்ந்தாலும் ஆகும்' என்று பெரியதாக வாங்காதீர்கள்.

கடையில் 12-வது ஃப்ரெட்டைப் பாருங்கள். அங்கே ஸ்டீல் கம்பி 2 முதல் 2.5 மி.மீ. உயரத்தில் இருந்தால் நல்லது. அதைவிட அதிகம் என்றால் அழுத்துவதே போராட்டம். குறைத்துத் தரச் சொல்லுங்கள்.

எப்படி ஆரம்பிக்கலாம்?

முதலில் ட்யூனிங். தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. மொபைல் ட்யூனர் ஆப் உதவும். முதல் கார்டாக இ மைனர் பழகலாம், இரண்டே விரல்கள்தான். ஃப்ரெட்டை ஒட்டி அழுத்தினால் குறைந்த பலமே போதும்.

ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் 15 நிமிடம் மேல். விரல் நுனி வலி, தோல் தடித்ததும் சில வாரங்களில் குறையும். மணிக்கட்டு வலித்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.

கிட்டாரை உறைக்குள் வைக்காமல், கண்ணில் படும்படி ஹாலில் வையுங்கள். எடுக்கத் தோன்றும்!