பட்டப்பகலில் ஆறும் மணல்



2027-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் நிகழும் முழுச் சூரிய கிரகணம் வட ஆப்பிரிக்கப் பாலைவனங்களின் மேல் செல்கிறது. எகிப்தின் லக்சர் நகரில், பட்டப்பகலில், 6 நிமிடத்துக்கும் மேலாகச் சூரியன் முழுவதுமாக மறைந்திருக்கும். ஆகஸ்ட் மாதத்தில் அங்கே நிழலிலேயே 40 டிகிரி வெப்பம் சர்வசாதாரணம். பாலை மணலோ 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். கிரகண நேரத்தில் அந்தச் சூடு எங்கே போகிறது?

முதலில் பாதிச் சூரியன் மறையும் வரை உடம்புக்கு அவ்வளவாக ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகுதான் மணல் மளமளவென்று ஆறத் தொடங்கும். காய்ந்த மணலில் ஈரம் கிடையாது. மணிகளுக்கு இடையே இருப்பதெல்லாம் காற்று. அதனால் வெயிலின் சூடு கீழே இறங்காமல் மேலாகவே தங்கிவிடுகிறது. ஒரு முழம் தோண்டிப் பார்த்தால் அன்றைய வெயில் அங்கே எட்டியிருக்காது. வானத்திலும் மேகமில்லை, காற்றிலும் ஈரமில்லை என்பதால் அந்தச் சூடு தடையின்றி மேலே போய்விடுகிறது.

அடுப்பிலிருந்து இறக்கிய தகரத் தட்டையும் வெந்நீர்ப் பானையையும் நினைத்துப் பாருங்கள். பாலைவனம் அந்தத் தட்டு. நம் தோட்டத்து ஈர மண்ணும், மரநிழலும், புழுக்கமும் சேர்ந்தால் பானை. 2019 டிசம்பர் 26-ஆம் நாள் வளையக் கிரகணம் அரேபியப் பாலையில் சூரியன் உதிக்கும்போதே தொடங்கி, தமிழ்நாட்டைக் கடந்து, மதியம் சிங்கப்பூருக்கு வந்தது. ஒரே நிழல்தான், ஆனால் அது விழுந்த தரை ஒன்றல்ல.

காற்றின் வெப்பம் பல இடங்களில் 5 டிகிரி அளவுக்குக் குறைவதுண்டு. தரையின் சூடு அதைவிட அதிகமாக இறங்கும். இருள் சூழ்ந்த அந்தக் கணமே மிகக் குளிர்ந்த நேரமல்ல. சில நிமிடம் கழித்தே அது வரும். விடியுமுன் பால்வெட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நடுச்சாமத்தைவிட விடியற்காலைக் குளிர்தானே கடுமை!

தரை ஆறினால், சூடேறி மேலெழும் காற்றும் அடங்கும்; வீசும் காற்று தணியும், சில வேளை திசையும் மாறும். ஆப்பிரிக்க நிலப்பரப்பின் மேல் தாழ்வாக மிதக்கும் சிறு மேகங்கள், சூரியன் 15 சதவீதம் மறைந்ததுமே கலையத் தொடங்குவதை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டினார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் தணிந்ததும் பிள்ளைகள் சட்டென்று அண்ணாந்து பார்ப்பார்கள். சுடவில்லையே என்று நாமும் விட்டுவிடுவோம். ஆபத்து அங்கேதான். நகக்கீற்றளவு சூரியன் வெளியே இருந்தாலும் விழித்திரை வெந்துபோகலாம். விழித்திரைக்கு வலி தெரியாது. கரி பூசிய கண்ணாடி, எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி எதுவும் உதவாது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சமையலறைச் சல்லடையைப் பிடித்து, தரையில் விழும் வெளிச்சப் புள்ளிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளியும் பிறைச் சூரியனாகத் தெரியும். மரத்தடியில் நின்றால் சல்லடையும் வேண்டாம்; இலை இடுக்குகளே அந்த வேலையைச் செய்துவிடும்.