சுவிஸ் போகும் சகோதரிகளுக்கு

1980களிலிருந்து யுத்தத்தினால் இடம்பெயர்ந்த எம்மவர்கள் பலர் சுவிற்சர்லாந்தில் குடியேறினார்கள். மகளின் பிள்ளைப்பேறு, பேரப்பிள்ளையின் சடங்கு என்று தாய்மார் இங்கிருந்து அங்கே போய் வருகிறார்கள். அழைத்துப் போக ஆள் வரும் என்றிருந்தாலும், சில விடயங்களை நாமே அறிந்திருப்பது எமக்குப் பாதுகாப்பு.

சுவிஸ் எமது இலங்கையை விடச் சிறிய நாடு. 26 மாநிலங்கள் உண்டு. தலைநகர் பேர்ண். நிலத்தில் பாதிக்கு மேல் அல்ப்ஸ் மலைகள். ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் ஆகிய நான்கும் தேசிய மொழிகள். சூரிச்சில் ஜேர்மன் மொழியில் கேட்ட புகையிரத அறிவிப்பு, ஜெனீவாவை நெருங்கும்போது பிரெஞ்சாக மாறிவிடும். பயப்பட வேண்டாம். போக வேண்டிய முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் ஆங்கில எழுத்தில் எழுதி, எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள். காட்டினால் வழி சொல்வார்கள்.

விசா: உறவினரைப் பார்க்கக் கொடுக்கும் விசாவில் 180 நாட்களுக்குள் ஆகக்கூடியது 90 நாட்களே தங்கலாம். விசாவில் அதைவிடக் குறைந்த நாட்கள் எழுதியிருந்தால் அதுவே கணக்கு. குறைந்தது 30,000 யூரோ வரையான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். இந்த விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. "போனதும் வேலை எடுத்துத் தருகிறேன்" என்று காசு கேட்கும் முகவரிடம் தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். கடவுச்சீட்டு உங்களுடையது. அது உங்களிடமே இருக்கட்டும்.

பொதி: இறைச்சி, பால் உணவுகள் கொண்டு போகக் கூடாது. மாம்பழம், பச்சைக் கறிவேப்பிலை போன்றவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும். தினமும் பாவிக்கும் மருந்துகளை வைத்தியரின் துண்டோடு எடுத்துச் செல்லுங்கள்.

பணமும் பயணமும்: ஐரோப்பாவின் நடுவில் இருந்தாலும் சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. நாணயம் யூரோ அல்ல, பிராங். புகையிரதத்தில் ஏறுமுன் ரிக்கற் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குற்றப்பணம் கட்ட நேரும். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் பூட்டு. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

குளிர்: மார்கழி முதல் மாசி வரை கடும் குளிர். தடித்த மேலாடையும் வழுக்காத சப்பாத்தும் அவசியம். யுங்பிராவ்யொக் புகையிரத நிலையம் 3,454 மீற்றர் உயரத்தில் உள்ளது. எமது பிதுருதலாகல மலை 2,524 மீற்றர்தான். இருதய நோய், இழுப்பு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே அங்கு ஏற வேண்டும்.

அவசர இலக்கங்கள்: பொலிஸ் 117, தீயணைப்பு 118, அம்புலன்ஸ் 144. எந்த ஆபத்துக்கும் 112 எடுக்கலாம். வெளியில் மட்டுமல்ல, வீட்டுக்குள் யாராவது அடித்தாலும் 117க்கு அழைக்கலாம். இதைப் போகிறவர்கள் மட்டுமன்றி, அங்கே கலியாணம் செய்து போன எமது பெண் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். அடுத்த முறை தொலைபேசியில் கதைக்கும்போது சொல்லி வையுங்கள்.